போலீஸ் எச்சரிக்கை: தயவா, விதியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு 15 வயதுப் பையன், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐந்து செம்பனைக் குலைகளைக் கட்டிக்கொண்டு போகும்போது பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவனுக்கு என்ன நடக்கும் என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பிடித்தவர் யார் என்று தெரிய வேண்டும். தோட்டத்துக் காவலாளி என்றால் கன்னத்தில் இரண்டு வைத்து, அப்பாவைக் கூப்பிட்டு ஏசி அனுப்பிவிடுவார். சிறுதோட்டக்காரர் என்றால், நஷ்டத்தைக் கட்டு, இல்லாவிட்டால் ரிப்போர்ட் கொடுப்பேன் என்பார். போலீஸ் ரோந்துக் கார் என்றால் பாலாய் (போலீஸ் நிலையம்), லோக்காப் (அங்குள்ள காவலறை), மறுநாள் மாஜிஸ்திரேட். அங்கேயும் கோயில் தலைவரோ கட்சிக் கிளைத் தலைவரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ப் பேசினால், "இனிமேல் இந்தப் பக்கம் வராதே" என்ற எச்சரிக்கையோடு பையன் வீடு திரும்பவும் கூடும்.

அந்தக் கடைசி வகை எச்சரிக்கையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சில நாடுகளில் அது சட்டத்தில் எழுதி வைத்த ஒரு படி. முதல் தடவை, சின்னக் குற்றம், பிள்ளையும் ஒப்புக்கொள்கிறான் என்றால், போலீஸ் அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல், பெற்றோரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்தில் எச்சரித்து, சில நிபந்தனைகளோடு விட்டுவிடும். நம் ஊரில் அது ஒரு தயவு. ஆள் தெரிந்தவருக்குக் கிடைக்கும், தெரியாதவருக்குக் கிடைக்காது. கிடைத்த பையனையும் அது பெரிதாக மாற்றுவதில்லை என்பது என் கணிப்பு. அதற்குக் காரணம் சொல்வதற்கு முன் நம் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

கைதுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில்

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆவது பிரிவுப்படி 10 வயது நிரம்பாத பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. 10 வயதுக்கு மேல் 12க்குள் என்றால், தான் செய்வது இன்னது என்று புரியும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். இது 83ஆவது பிரிவு. 18 வயது வரைக்கும் வழக்கை நடத்தும் விதத்தைச் சொல்வது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம். 1947ஆம் ஆண்டுச் சிறார் நீதிமன்றச் சட்டம் போன்ற பழைய சட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு வந்தது இது.

படித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். பிள்ளையைக் கைது செய்த உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தகவல் போக வேண்டும். பெரியவர்களோடு கலந்து அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியாட்கள் உள்ளே வர முடியாது. பத்திரிகை அவன் பெயரையோ படத்தையோ போட்டால் பத்திரிகைமேல் கேஸ். குற்றம் உறுதியான பிறகும் 91ஆவது பிரிவு பல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. கண்டித்து விடலாம், நன்னடத்தைப் பத்திரம் வாங்கலாம், அபராதமோ நஷ்டஈடோ கட்டச் சொல்லலாம், நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் வைக்கலாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சமூக சேவை உத்தரவும் சேர்ந்தது. இதெல்லாம் போதாது என்று தோன்றினால்தான் சமூக நல இலாகாவின் சீர்திருத்தப் பள்ளியான துனாஸ் பக்தி, சிறைத்துறையின் சீர்திருத்தப் பள்ளியான ஹென்றி கர்னி, பையனுக்கு 14 வயது ஆகியிருந்தால் சிறை.

ஹென்றி கர்னி என்ற பெயரை நம் அம்மாக்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பயன்படுத்துகிறார்கள். அந்த மனிதர் 1951 அக்டோபரில் ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்ட, மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர். அவர் அடக்க வந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் பிறந்த அவசரகாலம் தொடங்கியதே சுங்கை சிப்புட்டில், 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்கார மேலாளர்கள் சுடப்பட்டபோதுதான். அந்தத் தோட்டத்து ஆட்களின் கொள்ளுப்பேரன்களை அவர் பெயர் சொல்லி மிரட்டுகிறோம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

மேலே சொன்ன "கண்டித்து விடுதல்" மாஜிஸ்திரேட் செய்வது. அதாவது பையன்மேல் குற்றச்சாட்டு எழுதி, படித்துக் காட்டி, அவன் ஒப்புக்கொண்டு அல்லது வழக்கு நடந்து முடிந்த பிறகு. கைதுக்கும் குற்றச்சாட்டுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கென்று சிறார் சட்டம் ஒரு படியை வைக்கவில்லை. அந்த இடைவெளியில் நடப்பது பெரியவர்களுக்கு நடப்பதுதான். ஐ.ஓ. எனப்படும் விசாரணை அதிகாரி கோப்பை முடித்து அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு அனுப்புவார். குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்ற அதிகாரம் அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி சட்டத்துறைத் தலைவருடையது. அவர் சார்பில் இந்த வழக்கறிஞர் முடிவெடுப்பார். மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடவும் அவரால் முடியும். லேசான காயம் போன்ற சில குற்றங்களில் புகார் கொடுத்தவரே சமாதானமாகிப்போகவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 15 வயதுப் பையன், முதல் தடவை, 80 வெள்ளி (ரிங்கிட்) சரக்கு என்றால் இந்த வழியில் போக வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

80 வெள்ளி என்று சும்மா சொல்லவில்லை. ஒரு குலை 20 கிலோ, ஐந்து குலை 100 கிலோ, டன்னுக்கு 800 வெள்ளி விலை என்று வைத்தால் அவ்வளவுதான் வரும். இதற்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவில் உச்சபட்சம் 7 ஆண்டுச் சிறை. எந்த மாஜிஸ்திரேட்டும் பையனுக்கு அதைக் கொடுக்கப் போவதில்லை. என்றாலும் பிரிவின் கனத்தைப் பார்த்துத்தான் பாலாயில் அவனை நடத்துவார்கள்.

இன்னும் இரண்டு சங்கதிகள், தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தெரியாதவை. பையன் தன்னைவிட மூத்த ஒருவனோடு சேர்ந்து பிடிபட்டு, இருவர்மேலும் ஒன்றாகக் குற்றம் சாட்டப்பட்டால், வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகாது. பெரியவர்களின் கோர்ட்டுக்குப் போகும். 19 வயது மாமா பையனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவனுக்கு மூடிய கதவு கிடைக்காமல் போவது இப்படித்தான். அடுத்தது, 17 வயதில் செய்த குற்றத்துக்கு 18 முடிந்த பிறகு குற்றம் சாட்டினாலும் இதே கதை. கோப்பு மேசையில் தூங்கிய மாதங்களுக்கு விலை கொடுப்பது பையன்.

கோர்ட்டுக்குப் போனால் திருந்துவானா?

"ஒரு தடவை உள்ளே போய்ட்டு வந்தாத்தான் புத்தி வரும்" என்று சொல்லாத மாமா ஊரில் இல்லை. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே மாதிரியான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கோர்ட் வழியிலும் மறு பாதியை வெளியே எச்சரிக்கை, ஆலோசனை போன்ற வழியிலும் அனுப்பிய 29 ஆய்வுகளை 2010ல் கேம்பல் கூட்டமைப்பு என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு ஒன்று சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 7,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். கோர்ட் வழி மறுகுற்றத்தைக் குறைக்கவில்லை. பல அளவுகோல்களில் சற்றே கூட்டியிருந்தது. 2018ல் அதே கூட்டமைப்பு, போலீஸே முன்வந்து கோர்ட்டுக்கு அனுப்பாமல் வேறு வழியில் திசைதிருப்பிவிட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தது. வழக்கமான வழியில் போன 100 பேரில் 50 பேர் மறுபடி மாட்டுவதாக வைத்துக்கொண்டால், போலீஸ் திசைதிருப்பியவர்களில் 44 பேர் மாட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

ஆறு பேர் வித்தியாசம். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொல்லலாம், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் இந்த வழி கோர்ட்டைவிட மலிவு, பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான், அப்பா நான்கு தடவை லீவு போட்டு மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அதற்கு மேல் ஆறு பேர் மிச்சம்.

ஏன் இப்படி? பெரும்பாலான பிள்ளைகள் தானாகவே நிறுத்திவிடுவார்கள் என்பது குற்றவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். பதின்பருவத்தின் பிற்பகுதியில் குற்றம் உச்சத்துக்கு ஏறி, இருபதுகளில் இறங்கிவிடும். வேலை கிடைக்கிறது, கல்யாணம் ஆகிறது, ராத்திரி ஊர் சுற்ற அலுப்பாக இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த இறக்கத்துக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். லோக்காப்பில் இரண்டு ராத்திரி இருந்தவன் அங்கே ஒரு 'அண்ணன்' தொடர்பைப் பிடித்துக்கொண்டு வருகிறான். ஒவ்வொரு கோர்ட் தவணைக்கும் ஒரு நாள் பள்ளி போகிறது. ஆசிரியர்களும் பக்கத்து வீட்டாரும் அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். பின்னாளில் அரசு வேலைக்குப் பின்புலச் சோதனை, வெளிநாட்டு வேலைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் என்று வரும்போதெல்லாம் வீட்டில் பழைய பயம் கிளம்புகிறது.

பயமுறுத்தல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் நிகழ்ச்சிகளில் அதற்கு மவுசு அதிகம். பிரச்சினைக்குரிய மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிச் சிறைக்குக் கூட்டிப்போய், கைதிகளை விட்டு மிரட்டச் சொல்வது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1970களில் பிரபலமான முறை. அதைப் பற்றிய ஒன்பது குலுக்கல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிறையைப் பார்த்த பிள்ளைகள் பார்க்காதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே தேவலை. முகாம், முழக்கம், சிறை விஜயம், குழுப் படம் என்று திட்டம் போடுகிற நண்பர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

மூன்று நாடுகள், மூன்று விதம்

எச்சரிக்கையைச் சட்டமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. இங்கிலாந்து அதற்கு நல்ல பாடம். 1998ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. முதல் குற்றத்துக்குக் கண்டிப்பு, இரண்டாவதுக்கு இறுதி எச்சரிக்கை, அதற்கு மேல் கோர்ட். இறுதி எச்சரிக்கையோடு பையனை ஒரு குழுவிடம் அனுப்புவார்கள். போலீஸ், சமூக நல ஊழியர், கல்வி, சுகாதாரம் என எல்லாத் தரப்பும் அந்தக் குழுவில் உண்டு. அந்தப் பகுதி நன்றாகவே இருந்தது. கெட்டது படிக்கட்டின் விறைப்பில். கடையில் மிட்டாய் எடுத்தாலும் ஒரு படி, பள்ளிக்கூடச் சண்டையும் ஒரு படி. மூன்றாவது சில்லறை விஷயத்துக்குப் பையன் கோர்ட்டில் நின்றான். அதே காலத்தில் தீர்த்து வைத்த குற்றங்களின் எண்ணிக்கைக்கு இலக்கு வைத்துப் போலீஸை முடுக்கினார்கள்; எளிதில் அகப்படுகிறவர்கள் பிள்ளைகள்தானே. முதன்முறையாகப் பதிவுக்குள் வந்த சிறுவர்களின் எண்ணிக்கை 2006-07ல் 100,000ஐத் தாண்டியது. பிறகு இலக்கை எடுத்தார்கள், 2013ல் படிக்கட்டையும் எடுத்து அதிகாரியின் முடிவுக்கு விட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 10,000க்கும் கீழே வந்தது. நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி. ஓர் எச்சரிக்கை போதுமா என்று போலீஸ் முதலில் யோசித்தாக வேண்டும். போதாது என்றால் முறையான எச்சரிக்கை, அதற்கு மேல் குடும்பக் கூட்டம். பிள்ளைகளுக்கென்றே தனிப் போலீஸ் பிரிவு உண்டு. குடும்பக் கூட்டத்தில் பாதிக்கப்பட்டவரும் வருவார், மாமா சித்தப்பாக்களும் வருவார்கள், என்ன பரிகாரம் என்று கூடிப் பேசி எழுதுவார்கள். பெரும்பாலான சிறுவர் விவகாரம் கோர்ட் பார்க்காமலே முடிகிறது. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பழக்கத்திலிருந்து வந்த முறை அது. நம் தோட்டங்களிலும் மண்டோர் (மேற்பார்வையாளர்) வீட்டு வாசலிலும் கோயில் மண்டபத்திலும் இப்படி உட்கார்ந்து பேசிய காலம் இருந்தது. அந்தப் பஞ்சாயத்தைப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. அதில் பெண் குரல் கிடையாது, தோட்டத்து எழுத்தரான கிராணி சொன்னதே தீர்ப்பு.

பக்கத்துச் சிங்கப்பூரில் 1997 முதல் வழிகாட்டித் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. சின்னக் குற்றம் செய்த பிள்ளை ஆறு மாதம் ஆலோசகரோடு இருந்து ஒழுங்காக முடித்தால் எச்சரிக்கையோடு விடுவார்கள், முடிக்காவிட்டால் வழக்கு. அங்கே 2015ல் உயர் நீதிமன்றம் கவனிக்கத்தக்க ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. போலீஸ் கொடுக்கும் கடும் எச்சரிக்கை என்பது, இந்த ஆள் குற்றம் செய்திருக்கிறார் என்ற அதிகாரிகளின் கருத்து மட்டும்தான். அதற்குச் சட்டப்படி பலம் இல்லை, பிற்பாடு அதை முன்குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்சரிக்கையை ஒரு திட்டத்தோடு இணைக்க வேண்டும், அதே சமயம் அது பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் ஒரே ஊரில் பார்க்கிறோம்.

மலேசியா ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையில் 1995லேயே சேர்ந்துவிட்டது. அதன் 40ஆவது விதி, பொருத்தமான இடத்தில் கோர்ட்டுக்குப் போகாமலே பிள்ளைகளைக் கையாளும் வழிகளை ஏற்படுத்தச் சொல்கிறது. நம் நாட்டில் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கூட்டங்களில் பேசுகிறார்கள்.

தோட்டத்தை விட்டு வந்த பிள்ளைகள்

தோட்டத்து ஊர்களில் இது ஏன் அதிகமாக உறைக்கிறது என்று சொல்லாமல் போனால் கட்டுரை பாதிதான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், அதில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர்கள் என்றது. நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 7 விழுக்காடு. அந்த எண் வந்த நாளிலிருந்து, கறுப்புச் சட்டை போட்டு நான்கு பேராகக் கடைத்தெருவில் நிற்கும் தமிழ்ப் பையன் என்றால் எந்தப் பாலாயிலும் முதல் சந்தேகம் அதுதான். அதற்குச் சட்டத்தில் விளைவும் உண்டு. 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி 2014 முதல் விசாரணையின்றி ஈராண்டு தடுத்து வைக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பையன் செய்தது குலைத் திருட்டு என்று கோப்பில் இருப்பதும், கும்பல் வேலை என்று இருப்பதும் ஒன்றல்ல. எழுதுகிற அதிகாரியின் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, அவனுக்காக யார் வந்து பேசினார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

அந்தப் பேசும் ஆட்கள்தான் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்துக்கு ஆள் தேவை குறைந்தது. நிலம் வீட்டுமனையானது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடலைத் தாங்கத்தான். அவர் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். ஆனாலும் துண்டாடல் நிற்கவில்லை. மக்கள் மலிவு வீடுகளுக்கும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் வந்தார்கள். தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது, பந்து விளையாடத் திடல் இருந்தது, பையன் தப்பு செய்தால் சாயங்காலத்துக்குள் அப்பாவின் காதுக்குப் போகும் ஏற்பாடும் இருந்தது. தாமானில் அம்மா இரவு ஷிஃப்ட், அப்பா லாரி, பையன் கையில் போன்.

அடுத்த ஓட்டை பள்ளிக்கூடத்தில். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை, திடீரென்று ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். மலாய்மொழியில் தடுமாறுகிறவன் பின்வரிசைக்குப் போகிறான். பிறகு மட்டம். பள்ளி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். முதல் கடிதம், இரண்டாவது, மூன்றாவது, அப்புறம் பெயரை எடுத்துவிடுவார்கள். வேலைக்குப் போன அம்மா கடிதத்தைப் பார்த்தாரா, படிக்கத் தெரிந்ததா, யாராவது வீட்டுக்கு வந்து என்ன ஏது என்று கேட்டார்களா என்பதெல்லாம் கடிதத்தின் கவலை இல்லை. எச்சரித்துவிட்டோம் என்று பதிவேட்டில் இருந்தால் போதும். போலீஸ் எச்சரிக்கையும் இந்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய பயம். பள்ளியை விட்டவன்தான் பெரும்பாலும் பாலாய்க்கு வருகிறான் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் போலீஸில் ஒரு தொடர்பு அதிகாரியை நியமிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அவர் பெயர் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

குலைத் திருட்டில் இன்னொருவர் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பையன் அந்த 100 கிலோவை எங்கே கொண்டுபோனான்? அவனுக்கு மில்லில் கணக்குக் கிடையாது. செம்பனைக் குலை வாங்கி விற்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரோ இல்லாதவரோ, யாரோ ஒரு பெரிய மனிதர் பள்ளிச் சட்டையோடு வந்த பையனிடம் பாதி விலைக்குக் கேள்வி கேட்காமல் எடை போட்டு வாங்குகிறார். பையன் லோக்காப்பில், அவர் கோயில் திருவிழா உபயத்தில். மறுகுற்றத்தைத் தடுக்க வேண்டும் என்றால் முதல் நடை அந்தத் தராசை நோக்கித்தான் இருக்க வேண்டும். வாங்க ஆள் இல்லாவிட்டால் குலை மரத்திலேயே இருக்கும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

முறையான எச்சரிக்கையை நம் சட்டத்தில் சேர்த்தால் அது எப்படி இருக்க வேண்டும்? வேகம் முதலில். சம்பவம் நடந்து ஆறு மாதம் கழித்து எச்சரிப்பதில் பையனுக்கு எந்தப் பொருளும் இல்லை, அவன் அதற்குள் வேறொருவனாகிவிட்டிருப்பான். ஒரு வாரத்துக்குள், பெற்றோர் அல்லது அவன் மதிக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க, புரியும் மொழியில் நடக்க வேண்டும். மலாய்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவது போதாது.

அடுத்தது, எச்சரிக்கைக்குப் பிறகு யார் பையனைப் பார்ப்பார் என்பது. மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு முறை ஒருவர் போய்ப் பார்த்து, பள்ளிக்குப் போனாயா, வேலை தேடினாயா என்று கேட்டால் போதும், பெரிய திட்டம் தேவையில்லை. நன்னடத்தை அதிகாரிகள் ஏற்கெனவே பல ஊர்களைச் சுமக்கிறார்கள். உள்ளூர்க் கால்பந்துப் பயிற்சியாளர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒரு மோட்டார் பட்டறைக்காரர் என்று பயிற்சி கொடுத்து அமர்த்தலாம். பட்டறைக்காரரை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். வண்டிப் பைத்தியம் பிடித்த பையன் ஆலோசகரிடம் பேசாததை அவரிடம் பேசுவான்.

சிறுதோட்டக்காரரையும் மறந்துவிடக் கூடாது. அவருக்கு 80 வெள்ளி என்பது உரம் போட்ட காசு. பையன் அந்தப் பணத்தைக் கட்டலாம், அல்லது அவர் சம்மதித்தால் சில சனிக்கிழமைகள் அவருடைய நிலத்தில் புல் வெட்டலாம். தன்னிடம் யார் எடுத்தான் என்று அவருக்கு முகம் தெரிவதும், யாருடைய பொருள் என்று இவனுக்குத் தெரிவதும் நடக்கும். அவர் மாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது. தோட்டக்காரர் யாரையும் மன்னிக்கக் கடமைப்பட்டவர் இல்லை.

இதில் ஆபத்துகளும் இருக்கின்றன, நான் மறைக்கவில்லை. "ஒத்துக்கோ, இப்பவே வீட்டுக்கு விட்டுடறேன்" என்று சொன்னால் செய்யாத பையனும் ஒத்துக்கொள்வான். 15 வயதில் ராத்திரி பதினோரு மணிக்கு யார்தான் மாட்டேன் என்பான்? அதனால் வழக்கறிஞரிடம் பேசிய பிறகே ஒப்புதலை எடுக்க வேண்டும். எச்சரிக்கையை மறுத்துக் கோர்ட்டுக்குப் போகும் உரிமையும் இருக்க வேண்டும். இன்னொன்று, கையில் எளிதான ஒரு கருவி கிடைத்துவிட்டால், முன்பு வெறும் வாய்ப்பேச்சோடு விட்ட பையன்களையும் எழுத்தில் எச்சரிக்க ஆரம்பிப்பார்கள். இங்கிலாந்தில் நடந்தது ஒரு வகையில் அதுதான். எல்லாவற்றையும்விட, யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு வழக்கு என்பதை இனவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். விதி எழுதினாலும் அதை நடத்துகிறவர்கள் மனிதர்கள். அஹ்மாட் வீட்டுக்கும் ஆறுமுகம் லோக்காப்புக்கும் போகிறார்களா என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

வன்முறை, ஆயுதம், பாலியல் குற்றம் இந்த வழியில் வரக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் அடி வாங்கி ஓடிவந்து திருடியவன், மூத்தவர்கள் மிரட்டிப் பொட்டலம் சுமந்தவன் என்று கோட்டின்மேல் நிற்கும் கேஸ்கள் நிறைய வரும். அவர்களுக்கு எச்சரிக்கை பொருந்தாது, வழக்கும் பொருந்தாது. அவர்கள் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகள். அதற்கும் இதே சிறார் சட்டத்தில் தனிப் பகுதி இருக்கிறது.

சட்டம் மாறும்வரை, ராத்திரி போன் வரும் வீட்டுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. பையன் எந்தப் பாலாயில் இருக்கிறான், ஐ.ஓ. பெயர் என்ன என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தையோ அடையாள அட்டை நகலையோ கொண்டுபோங்கள், வயது சந்தேகத்தில் பெரியவர்களோடு சேர்த்துவிடாமல் இருக்க. காசு இல்லை என்று வழக்கறிஞரை விட்டுவிட வேண்டாம். கைதானவர்களுக்கு இலவசமாக உதவத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வழக்கறிஞர் மூலம் அரசுத் தரப்புக்கு ஒரு மனு எழுதலாம். முதல் தடவை என்பது, பள்ளிப் பதிவு, நஷ்டத்தைக் கட்டிய ரசீது, புகார் கொடுத்தவரின் சம்மதக் கடிதம், இவற்றை இணைத்து, குற்றச்சாட்டைக் கைவிடக் கேட்கலாம். எப்போதும் ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்காதவர்களுக்கு நிச்சயம் கிடைக்காது.

விஷயம் கோர்ட் வரை போய்விட்டால், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கைதான் தலைவிதி. உத்தரவு போடுவதற்கு முன் மாஜிஸ்திரேட் அதைப் பார்த்தாக வேண்டும். வீட்டுச் சூழல், பள்ளி நடத்தை, உடல்நலம் எல்லாம் அதில் வரும். அதிகாரி வீட்டுக்கு வரும் நாளில் அப்பா வேலைக்குப் போய்விட்டு, பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ள விட்டால், "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று போய்விடும். ஒரு நாள் சம்பளம் போனாலும் இருங்கள். ஆசிரியரையோ வேலை கொடுக்கத் தயாராக இருக்கும் முதலாளியையோ அதிகாரியிடம் பேச வையுங்கள். அறிக்கையில் பையனைப் பற்றியும் உங்களைப் பற்றியும் என்ன இருக்கிறது என்று கோர்ட்டில் கேளுங்கள், தப்பாக இருந்தால் அங்கேயே மறுத்துப் பேசச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோரையும் நன்னடத்தைப் பத்திரத்தில் கட்டினால், மாதம் ஒரு முறை பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பார்ப்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். தவறினால் அபராதம் உங்களுக்கு. ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள் அந்தத் தேதியை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி லீவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.